ஒரே கம்பியில் மூன்று எண்கள்

ஜெர்மனியின் காசல் நகரில், ஓய்வுபெற்ற ரயில்வே அதிகாரி ஹார்ட்விக்கின் வீட்டுக்குத் தொலைபேசிப் புகார் பார்க்கப் போனேன். கதவைத் திறந்ததுமே கத்த ஆரம்பித்தார்.

"இந்த ஐ.எஸ்.டி.என். டிஜிட்டல் லைன் கண்றாவியைப் பிடுங்கிட்டு பழைய லைனையே குடுங்கய்யா! எட்டு மாசமா என் மக கிட்டேருந்து ஒரு கால் வரல. உங்க எக்ஸ்சேஞ்ச் முழுங்கிடுது!"

சுவர்ப்பெட்டியில் சோதனைக் கருவியைச் செருகினேன். திரையில் வரிகள் ஓடின.

"லைன் நல்லா இருக்கு சார். இப்பவே ஒரு கால் வருது பாருங்க."

"பொய்! மணி அடிக்கலையே?"

"ஒரே கம்பியில உங்களுக்கு மூணு நம்பர். வர்ற கால் எந்த நம்பருக்குன்னு எக்ஸ்சேஞ்ச் வீட்ல இருக்கிற எல்லா போனுக்கும் சொல்லும். அந்த நம்பருக்குரிய போன் மட்டும்தான் பதில் சொல்லும். இது ஏழுல முடியற நம்பருக்கு வருது."

"அது யார் நம்பர்?"

தையல் அறையிலிருந்து அவர் மனைவி இர்ம்கார்ட் வெளியே வந்தார்.

"என்னோடது. மணியை அணைச்சு வெச்சிருக்கேன். நம்ம மக டாக்மார் தினமும் இதே நேரத்துக்குக் கூப்பிடுவா."

ஹார்ட்விக் மேசையை ஓங்கிக் குத்தினார். "அப்பனுக்கு ஒரு தடவை கூப்பிட்டா என்னவாம் அவளுக்கு?"

"தனக்குப் பிடிச்சவனை அவ கட்டிக்கிட்ட அன்னிக்கு, 'செத்தாலும் இந்த நம்பருக்குக் கூப்பிடாதே'ன்னு கத்துனது யாரு? ஒரு தடவையாவது அவ உங்க பேச்சைக் கேக்கணும்னு சொல்லிக்கிட்டே இருப்பீங்களே, கேட்டுட்டா!"

இர்ம்கார்ட் உள்ளே போய்க் கதவை அறைந்து சாத்தினார்.

என் திரையில் 'இணைப்பு கிடைத்தது' என்ற வரி ஓடியது.