பார்த்தபடி வரையுங்கள்

“அசையவே மாட்டேங்கிறாரே, மூச்சு வருதா டீச்சர்?”

பக்கத்திலிருந்த அறிவியல் ஆசிரியர் கிசுகிசுக்க, இரண்டாம் வகுப்பு டீச்சர் பென்சிலை நிறுத்தாமலே சொன்னார். “குறட்டையே வருது சார்.”

பள்ளியில் ஓவியம் சொல்லித்தர ஆசிரியர்களுக்கு மூன்று நாள் பயிற்சி. இன்று கடைசி நாள். மாடலைப் பார்த்து வரைய வேண்டும், தேறாதவர்கள் விடுமுறையில் மறுபடி வர வேண்டும் என்று பயிற்சியாளர் காலையிலேயே மிரட்டியிருந்தார். டீச்சருக்கு வட்டம் போட்டாலே உருளைக்கிழங்காகத்தான் வரும்.

மாடலுக்காக முன்னால் போட்டிருந்த நாற்காலிக்கு அந்த ஆள் பத்து மணிக்கு வந்தார். “எனக்காக யாரும் எழுந்திரிக்க வேணாம், நீங்க பாட்டுக்கு உங்க வேலையைப் பாருங்க” என்று உட்கார்ந்தவர், ஐந்தே நிமிடத்தில் கண்ணயர்ந்துவிட்டார்.

“தொழில் தெரிஞ்ச ஆளு!” என்று மெச்சினார் பயிற்சியாளர். “ம், சீக்கிரம் முடிங்க. புதுசா வந்திருக்கிற கல்வி அதிகாரி பார்வையிட வரப்போறார்.”

மேசை மேசையாகப் பார்த்துக்கொண்டே வந்தார். கணக்கு ஆசிரியர் ஸ்கேல் வைத்து நாற்காலியை மட்டும் வரைந்திருந்தார். இன்னொருவர் யாரையும் நிமிர்ந்து பார்க்காமல், இரண்டு மலை, நடுவில் சூரியன்.

டீச்சரின் தாளில்தான் ஆள் இருந்தார். பிளந்த வாய், ஓரத்தில் எச்சில், தொப்பையிலிருந்து இதோ தெறிக்கப்போகும் சட்டைப் பொத்தான்.

“அழிச்சிடறேன் சார். கண்ணுல பட்டதை அப்படியே போட்டுட்டேன்.”

“அழிக்கிறதா? மூணு நாளா தொண்டை கிழிய இதைத்தானே கத்தினேன்!”

படத்தைப் பிடுங்கி, அடியில் கொட்டை எழுத்தில் ‘கும்பகர்ணன்’ என்று எழுதி, ‘பயிற்சி அளித்தவர்’ என்று தன் கையெழுத்தையும் போட்டு, வாசலுக்கு நேரே பலகையில் குத்தினார். “அதிகாரி நுழைஞ்சதும் முதல்ல இதான் தெரியணும்.”

அறையே கைதட்டியது. இருபத்தெட்டு வருட வேலையில் டீச்சருக்காக யாரும் கைதட்டியதில்லை, கண் கலங்கிவிட்டது.

அந்தச் சத்தத்தில் நாற்காலிக்காரர் திடுக்கிட்டு விழித்தார். பயிற்சியாளர் அவர் முதுகில் தட்டி, “போதும்யா, எழுந்திரு. வந்து உன் மூஞ்சியைப் பாரு” என்று பலகை முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார்.

அவர் வாயைத் துடைத்துக்கொண்டார். படத்தைப் பார்த்தார். தலைப்பைப் படித்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு கையெழுத்தைப் படித்தார்.

வாசலில் ஒருவர் மூச்சிரைக்க வந்து நின்றார்.

“மன்னிச்சிடுங்க சார், பஸ் தவறிப்போச்சு. மாடலா உட்கார என்னைத்தான் அனுப்பியிருக்காங்க, எந்த நாற்காலி?”