கடைசி மார்புக் கவசம்

மூன்றாவது முகமூடியும் மூச்சு விட்டதும் மங்கியது.

கழற்றினான். முந்தைய ஆட்டக்காரரின் வியர்வை வாசம் மூக்கிலேயே தங்கிவிட்டது.

கிழக்குக் கடற்கரைச் சாலையோரப் பொட்டல். டயர் அடுக்குகள், தகர டிரம்கள், சுற்றிலும் வலை. ஒருவரையொருவர் பெயிண்ட் குண்டால் சுட்டுக்கொண்டால் ஒற்றுமை வளரும் என்று அலுவலகம் முடிவு செய்திருந்தது. அப்ரைசலில் அதையேதான் பெயிண்ட் இல்லாமல் செய்தார்கள்.

"துப்பாக்கி எல்லாம் ஒண்ணுதான் சார். சிலது சுடும், சிலது சுடாது" என்றார் மைதானத்துக்காரர்.

கழுத்துப் பட்டையில் ஒட்டு இல்லை. கையுறைகள் அத்தனையும் இடது கைக்கு.

போகட்டும். அவனுக்கு வேண்டியது மார்புக் கவசம்.

பதினான்கு பேருக்கு ஐந்து கவசம். நான்கைப் பெண்கள் எடுத்துக்கொண்டார்கள்.

மிச்சம் ஒன்று.

அப்போதுதான் வைஸ் பிரசிடென்ட் நெடுஞ்செழியன் வந்தார். ஆன்லைனில் வாங்கிய கமாண்டோ சட்டை. முழங்காலுக்கு உறை, முழங்கைக்கு உறை. இடுப்பில் ராணுவக் குப்பி, அதில் மோர். எல்லைக்குப் புறப்பட்டவர் போலத்தான் இருந்தார். நான்கு மணிக்கு பஜ்ஜி என்று நிகழ்ச்சி நிரலில் இருந்தது.

கவசத்தைத் தூக்கிக் காட்டினார்.

"உடம்புக்கு ஏதாவதுன்னா சொல்லுங்கப்பா, இது உங்களுக்குத்தான். வெக்கப்படாதீங்க. மத்தவங்க நெஞ்சை நிமித்திக்கிட்டு வாங்க."

பதினான்கு நெஞ்சும் நிமிர்ந்தன.

புதிய டெலிவரி ஹெட் யார் என்று திங்கட்கிழமை அவர்தான் அறிவிப்பார். அந்தப் பதவிக்கான போட்டியில் அவனும் இருந்தான். உடம்புக்கு ஏதாவது உள்ளவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்ததாக அலுவலகத்தில் வரலாறு இல்லை.

அவனுக்கு இருந்தது.

ஏழு வாரத்துக்கு முன், முகப்பேர் ஆஸ்பத்திரியில், இதயக் குழாயில் ஸ்டென்ட். ரத்தம் உறையாமலிருக்கத் தினம் மாத்திரை. போன வாரம் கட்டில் விளிம்பு இடித்ததற்கே தொடையில் கத்தரிக்காய் நிறம். நெஞ்சில் அடி படவே கூடாது என்றிருந்தார் டாக்டர்.

அலுவலகத்தில் சொன்னது குலதெய்வம் கோயில், பத்து நாள்.

பத்து நாள் அப்படி என்ன வேண்டுதல் என்று ஒருவரும் கேட்கவில்லை. பிரசாதம் எங்கே என்றார்கள். மனைவி தெருமுனைப் பிள்ளையார் கோயில் விபூதியைப் பொட்டலம் பொட்டலமாக மடித்துக் கொடுத்தாள்.

எல்லோரும் மைதானத்தில் இறங்கும்வரை ஷூ கயிற்றை இரண்டு தடவை அவிழ்த்துக் கட்டினான்.

பிறகு சாமான்கள் வைத்திருந்த கொட்டகைக்குத் திரும்பினான்.

கவசம் இருந்த மேசை காலி.

உடை மாற்றும் திரை முழுதாக மூடவில்லை. உள்ளே நெடுஞ்செழியன். கமாண்டோ சட்டை ஆணியில் தொங்கியது. கடைசிக் கவசத்தை மாட்டிக்கொண்டு, முதுகு வாரை எட்டிப் பிடிக்கப் போராடிக்கொண்டிருந்தார். கவசத்தின் மேல் விளிம்பிலிருந்து தொண்டைக்குழிவரை, நெஞ்சைப் பிளந்து தைத்த தழும்பு நீண்டிருந்தது.

போன வருஷம் ஒரு மாதம் காசிக்குப் போய் வந்தவர். ஆளுக்கொரு கங்கைச் செம்பு கொடுத்தார். அவன் வீட்டுப் பூஜை அலமாரியில் இன்னும் இருக்கிறது.

"நின்னு பாக்கறீங்களே. கட்டி விடுங்க."

பின்னால் போய் வாரைப் பிடித்தான்.

இருவரும் எதிரே இருந்த தகரச் சுவரைப் பார்த்தார்கள்.

"நீங்க எதுக்குத் திரும்பி வந்தீங்க?"

அவன் வாரின் முறுக்கை நேராக்கினான்.

"உங்க குலதெய்வம் எந்த ஊருன்னு சொன்னீங்க?"

"முகப்பேர் சார்."

அவர் முதுகு அசையவில்லை.

"ம்" என்றார். "காசியும் அங்கதான்."

வெளியே விசில் ஊதினார்கள். முதலில் அவரை, பிறகு அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள்.

வார் அவன் கையிலேயே இருந்தது.

இறுக்கவும் இல்லை. விடவும் இல்லை.