உலகப் பரீட்சை

"உங்க நாப்பது பேரு பேனாவுலதான் இன்னிக்கு இந்தியாவோட மானமே இருக்குது," என்றார் அறிவியல் ஆசிரியர் தஸ்தகீர். ஒன்பதாம் வகுப்பு மொத்தமும் குனிந்து தன் தன் பேனாவைப் பார்த்தது.

1970-ஆம் வருடம். பல நாடுகளில் ஒரே அறிவியல் பரீட்சை. எந்த நாடு எத்தனையாவது என்று பட்டியல் போடுவார்கள். அதை வைத்துத்தான் தில்லியில் கல்விக் கொள்கையையே மாற்றுவார்கள். தருமபுரியிலிருந்து வந்த இரண்டு பக்க ஆங்கிலக் கடிதத்தில், தலைமையாசிரியர் மாதேஸ்வரன் முதல் பக்கத்தைப் படித்தபோதே வியர்த்துப்போய், அதை மடித்து வைத்துவிட்டார்.

ஒரு மாதமாக ஞாயிற்றுக்கிழமைகூட வகுப்பு நடந்தது. தஸ்தகீர் தன் பழைய நோட்ஸை வரி மாறாமல் ஒப்பிக்க வைத்தார். இண்டூரிலிருந்து வரும் தீர்த்தம்மாள் மட்டும் நடுநடுவே எழுந்து நிற்பாள்.

"தொப்பூர் மேடு ஏறறப்ப மட்டும் பஸ் இஞ்சின்ல தண்ணி ஏன் சார் கொதிக்குது?"

"அதெல்லாம் பரீட்சைக்கு வராது. உக்காரு."

பரீட்சையன்று பத்து மணிக்குச் சென்னை அதிகாரி ஜீப்பில் வந்து இறங்கினார். கையில் அரக்கு முத்திரை வைத்த ஓர் உறை, தபால் கடிதம் போல மெலிந்திருந்தது.

"நாப்பது பேருக்கும் இதுக்குள்ளயா?" என்று முணுமுணுத்தார் மாதேஸ்வரன்.

"வெளிநாட்டுக் காகிதமுங்க. வெங்காயத் தோலாட்டம் இருக்கும்," என்றார் தஸ்தகீர், பார்த்தவர் போல.

அதிகாரி வகுப்பை ஒரு நோட்டம் விட்டார். "பிள்ளைங்க வெளியே போகலாம். பிள்ளைங்க பரீட்சைக்கு வேற பள்ளிக்கூடத்தை எடுத்திருக்கோம். கடிதத்துல ரெண்டாம் பக்கத்துல போட்டிருந்ததே, இங்க ஆசிரியருக்குத்தான் பரீட்சை. அறிவியல் சார் யாரு?"

மாதேஸ்வரன் தஸ்தகீரைக் கைகாட்டிவிட்டு இரண்டடி தள்ளி நின்றுகொண்டார். "நான் தமிழுங்க," என்றார், யாரும் கேட்காமலே.

தஸ்தகீர் ஜன்னலோரப் பெஞ்சில் உட்கார்ந்தார். முழங்கால் டெஸ்க்கில் இடித்தது. முதல் கேள்வியை இரண்டு தரம் படித்தார். இரண்டாவதை மூன்று தரம் படித்தார். இரண்டுமே 'ஏன்' என்று கேட்டன; இருபது வருட நோட்ஸில் எந்தப் பக்கத்திலும் இப்படியொன்று இல்லை.

பிள்ளைகள் வரிசையாக வெளியேறி ஜன்னலைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார்கள். அதிகாரி நேரத்தை எழுதக் கரும்பலகைப் பக்கம் திரும்பினார்.

தஸ்தகீர் ஜன்னல் கம்பியில் முகத்தை வைத்து, குரலை இறக்கினார்.

"தீர்த்தம்மா, வூட்டுக்குப் போயிடாதம்மா. இப்பிடி வந்து நில்லு."