பதினாறு வோல்ட்

"மாமா, ஆக்ஸிலரேட்டரை விடுங்க! கெபாசிட்டர் கொதிக்குது!" என்று கத்திக்கொண்டே காரின் டிக்கிக்குள் தலையை நுழைக்கிறான் ஃபிட்டர். ஸ்பீக்கர் அதிர்வில் நம்பர் பிளேட் கடகடக்கிறது. ஆம்ப்ளிஃபயருக்குப் பக்கத்தில், அதற்கு மின்சாரம் சேர்த்துவைத்துக் கொடுக்கும் கெபாசிட்டர்: டம்ளர் உயரத்துக்கு ஒரு வெள்ளி நிற உருளை. வெயில் பட்டு மின்னும் அதன் தட்டைத் தலை மெல்ல உப்புகிறது. டிரைவர் சீட்டில் கார் ஸ்டீரியோ கடை முதலாளி, அவனுடைய அக்கா புருஷன். காலை எடுக்கவில்லை. "வண்டி எவ்வளவுடா குடுக்குது?" என்கிறார். "பதினாலரை வோல்ட், மாமா." "கெபாசிட்டர் எவ்வளவு தாங்கும்?" அவன் ஸ்டிக்கரைப் பார்க்கிறான். "பதினாறு." "அப்புறம் என்ன? நீதான் ஒயரை எங்கயோ சொதப்பியிருக்கே. திங்கக்கிழமை எதிர்லயே தனிக்கடை தொறக்கப்போற பெரிய மனுஷனாச்சே, கிட்டப் போய்த் தேடு!"

காருக்குச் சொந்தக்காரர் வாய்விட்டுச் சிரிக்கிறார். ஃபிட்டரின் காது மடல் சிவக்கிறது. தப்பு தன்னுடையதுதான் என்று நம்பி, ஒவ்வொரு ஒயராகத் தடவிக்கொண்டே முகத்தை உருளைக்கு ஒரு சாண் தூரத்தில் கொண்டுபோகிறான். கருகிய பிளாஸ்டிக் வாடை. மூடியின் ஓரத்தில் 'ஸ்ஸ்' என்று மெல்லிய சீறல். "ஒண்ணும் புரியலையே மாமா" என்கிறான், இன்னும் குனிந்து. மாமா ரியர்வியூ கண்ணாடியில் அவனையே பார்த்தபடி பெடலை இன்னும் ஆழமாக அழுத்துகிறார். அந்தக் கெபாசிட்டர் தாங்குவது பத்து வோல்ட்தான். அதன்மேல் பதினாறு வோல்ட் ஸ்டிக்கரை நேற்று, மச்சான் சாப்பிடப் போயிருந்த நேரம் பார்த்து ஒட்டியவர் அவர்.