மாரிக்கனியின் அணுக்கள்

புதுக் காய்ச்சலின் வைரஸை ஊரில் எவருடைய டி செல்லும், நோயை எதிர்க்கும் அந்த ரத்த அணுவும், அடையாளம் காணவில்லை. கீழத்தெரு மாரிக்கனியின் அபூர்வமான டி செல்கள் மட்டுமே அதைப் பிடித்துக் கொன்றன. மகள் யாழினி மூச்சுக்குத் திணறிக்கொண்டிருக்க, அந்தச் செல்களை அவளுக்கு ஏற்றுவதற்கான ஒப்புதல் திரையில் விரல் வைக்க மறுத்து நின்றார் சங்கரலிங்கம்.

"நம்ம ஆளுக செல்லு கிடைக்காதா, டாக்டரம்மா? நாளைக்குக் கல்யாணத்துக்கு ரத்தம் பாப்பாங்க. யார் அணுன்னு காட்டிக் குடுத்துருமே!"

"உங்க ஆளுக செல்லு வைரஸைப் பாத்தும் சும்மா போகுதுய்யா!"

கண்ணாடிக்கு அப்பால், செல் கொடுக்கக் கையில் ஊசியோடு படுத்திருந்த மாரிக்கனி இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் எழுந்து போய்விட்டால்? யாழினியின் தாய் வடிவு கண்ணாடிப் பக்கம் பார்த்தாள். கணவரை எதிர்த்து ஒரு சொல்லும் பேசியறியாத அவள், அவரை ஒதுக்கித் தள்ளிவிட்டுத் தன் விரலைத் திரையில் அழுத்தினாள்.

"மாப்பிள்ளை வீட்டுக்கு என்னத்தடீ சொல்ல?"

"பிள்ளை உசுரோட இருக்குன்னு சொல்லும்."