தேறி வந்த குப்பி

மனிதகுலம் மகிழ்ச்சியுடன் அறிய வேண்டியது: இதயம் தளர்ந்தவரின் சிறுநீரகம் எப்போது கைவிடும் என்று ஒரு சொட்டு ரத்தத்திலேயே சொல்லிவிடும் இயந்திரம் ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டது. போட்டோ சரியாக விழாததால் தலைமை மருத்துவர் ரிப்பனை இரண்டு முறை வெட்டினார்.

தினமும் காலையில் இயந்திரத்தைச் சரிபார்க்க, முடிவு தெரிந்த பழைய ரத்தம் வேண்டும். ஆய்வகத்து அம்மாள் உறைபெட்டியிலிருந்து தன் கணவரின் ரத்தக் குப்பி ஒன்றை எடுப்பாள். கடைசி நாட்களில் அவரே சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு கொடுத்தது. "நிறைய எடுத்து வெச்சுக்கோடி. இவ்வளவு மோசமான ரத்தம் உனக்கு வேற எங்க கிடைக்கும்?"

அவர் போய் மூன்று வருடமாகிறது.

உறையவைத்த ரத்தத்துக்கு இயந்திரம் காட்டும் எண் மாறாது. இது மாறியது. வாரத்துக்கு வாரம் குறைந்தது. குறைந்தால் உடம்பு தேறுகிறது என்று அர்த்தம். மற்ற நோயாளிகளின் எண்களெல்லாம் ஒழுங்காகவே இருந்தன. அவள் தலையை நன்றாக வாரிக்கொண்டு, சீக்கிரமே வேலைக்கு வரத் தொடங்கினாள்.

"யாரும்மா இது? கிட்னி நல்லாத் தேறிடுச்சே. வீட்டுக்கு அனுப்பிடலாம்," என்றார் எண்ணைப் பார்த்த மருத்துவர்.

"எங்க வீட்டுக்காரர்தான், டாக்டர்."

மருத்துவர் கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார்.

மெக்கானிக் வந்து அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் பார்த்துவிட்டு, இயந்திரத்தில் ஒரு கோளாறும் இல்லை என்றார்.

ஆகவே அவள் கணவரின் குப்பிகளைத் தூக்கிப் போட்டுவிட்டார்கள்.