டாக்டர் சொன்ன காடு

தீவிர சிகிச்சைப் பிரிவின் கதவு திறக்கிறது. டாக்டர் வெளியே வந்ததும் தச்சரின் மனைவி பெஞ்சிலிருந்து எழுகிறாள். ஜன்னல் வழியே வந்த காலை வெயில் அவள் பாதங்கள்மேல் கிடக்கிறது. டாக்டர் முகக்கவசத்தை இறக்கிவிட்டு ஆங்கிலத்தில் ஒரே ஒரு வரி சொல்கிறார். அதில் ‘வுட்ஸ்’ என்பது மட்டும் அவளுக்குப் பிடிபடுகிறது. புருஷனின் பட்டறையில் தினமும் காதில் விழும் சொல். அவள் முகம் வெளிறிப்போகிறது. “வுட்டுன்னா மரம்தானே? இனிமே மரக்கட்டையாட்டம்தான் கிடப்பாரா?” என்று பக்கத்தில் நிற்கும் ஆஸ்பத்திரி மொழிபெயர்ப்பாளரின் கையைப் பற்றுகிறாள். இருபது வருடமாக இந்த வராந்தாவில் டாக்டர்களின் பேச்சைத் தமிழில் சொல்லி வரும் அந்தப் பெண் துளியும் தடுமாறவில்லை. “ஐயோ, இல்லக்கா. ‘வுட்ஸ்’னா காடு; காட்டை விட்டு வெளிய வந்துட்டாருன்னு சொல்றாரு. அந்தக் காலத்துல காட்டுக்குள்ள வழி தப்பினவங்க வெளிய வந்துட்டா, உயிர் தப்பிச்சாச்சுன்னு அர்த்தம். அந்தப் பேச்சு அப்படியே நின்னுபோச்சு. நம்ம வழக்கத்துல சொன்னா, கண்டம் தாண்டிட்டாரு.” அந்தக் கடைசி இரண்டு சொற்களைத் தச்சரின் மனைவி உதட்டுக்குள்ளேயே சொல்லிப் பார்க்கிறாள். பிறகு புறங்கையால் முகத்தை அழுத்தித் துடைக்கிறாள். “அப்ப நான் வீட்டுக்குப் போய் அவரு மூக்குக்கண்ணாடிய எடுத்துட்டு வந்துடறேன். முழிச்சதும் அதைத்தான் தேடுவாரு.” லிஃப்டுக்குக்கூடக் காத்திராமல் படியிறங்குகிறாள்.